பதினேழாம் கேள்வி

வாருங்கள் ஏட்டய்யா, உட்காருங்கள். ஆமாம், புரட்சிமதி என் மகள்தான். எங்கள் குடும்பத்தில் யார் மேலும் வழக்கு எதுவும் கிடையாது. டீ சாப்பிடுங்கள்.

அவ்வளவுதான். எனக்கு அனுமதிக்கப்பட்டது இவ்வளவுதான். வாருங்கள் என்பது ஒன்று, மகள்தான் என்பது இரண்டு, வழக்கு மூன்று, டீ நாலு. நேற்று முழுக்க ஒத்திகை நடந்தது. "எப்பா, நாளைக்கு ஸ்டேஷன்ல இருந்து விசாரிக்க வருவாங்க. நாலே வாக்கியம். அதுக்கு மேல பேசுனீங்கன்னா எனக்கு வேலை இல்ல, பார்த்துக்கிடுங்க" என்றாள் மகள். என் மனைவி பேச்சியம்மாள் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில் ஏட்டாக உட்கார்ந்தாள். நான் மூன்று தடவை ஒப்பித்தேன். மூன்றாம் தடவை முடிந்ததும் அவள் மகளைப் பார்த்து, "இவரு மூஞ்சியே அஞ்சாவது வாக்கியம் மாதிரிலா இருக்குட்டி" என்றாள்.

ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நீங்கள் எழுதலாம். நான் சும்மா இருக்கிறேன்.

கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், அந்தக் கால் ஆடும். இதெல்லாம் கணக்கில் சேராது, நாற்காலியைப் பற்றித்தானே சொல்கிறேன்.

நான் பேசுவது அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படித்ததெல்லாம் துண்டறிக்கை. பன்னிரண்டு வயதில் அச்சகத்தில் எழுத்துக் கோக்கப் போனேன். விலைவாசி, நிலச் சீர்திருத்தம், பேருந்துக் கட்டணம், அணு உலை, ஆற்று மணல், எல்லாம் ஒரு பக்கத்தில் படித்து முடித்தவன் நான். பெரிய புத்தகம் படித்தவர்களைப் பாருங்கள், எதைக் கேட்டாலும் இந்தப் பக்கம் பார்த்தால் இப்படி, அந்தப் பக்கம் பார்த்தால் அப்படி என்பார்கள். துண்டறிக்கைக்கு ஒரு பக்கம்தான். அதனால் எனக்குக் குழப்பம் வந்ததே கிடையாது.

எழுதுங்கள், எழுதுங்கள்.

வளாகக் காவலர். பதினான்கு இடம். அதில் பெண்களுக்கு நாலு. விண்ணப்பித்தவர்கள் அறுநூற்றுப் பதினோரு பேர் ஏட்டய்யா. பல்கலைக்கழக வாசலில் நிற்பதற்கு. என் மகளுக்கு இருபத்தொன்பது வயது. ஆகஸ்டில் முப்பது. முப்பது ஆகிவிட்டால் விண்ணப்பிக்க முடியாது. ஆறு வருஷமாக ஜவுளிக்கடையில் நிற்கிறாள். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதரை, உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. அந்த ஸ்டூலுக்காக நானே ஒரு துண்டறிக்கை எழுதிக் கடை வாசலில் கொடுத்தேன். அந்தக் கடையிலிருந்து அவளை மாற்றி வேறு கடைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் ஸ்டூல் இல்லை, ஆனால் பாருங்கள், முதலாளி பயந்துவிட்டான். "நிக்கிறதுதான் என் தலையெழுத்துன்னா யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு நிக்கேன், மாசம் பொறந்தா ஒழுங்கா சம்பளம் வரும், பி.எஃப் பிடிப்பாங்க" என்று சொல்லித்தான் இதற்கு எழுதிப் போட்டாள்.

என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? பன்னிரண்டாம் வகுப்பு. உயரம் நூற்று ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். சரி, என் மகள் நூற்று அறுபத்தொன்று. நான் கேட்கிறேன், துணைவேந்தருக்கு உயரம் அளந்தார்களா? போன துணைவேந்தர் மேடையில் பேசினால் மைக் மட்டும்தான் தெரியும். அப்புறம் கண் பார்வை. கண்ணாடி இல்லாமல் கடைசி வரி வரைக்கும் வாசிக்க வேண்டும். வாசலில் நிற்கிறவளுக்குக் கண் தெரிய வேண்டும், சரிதான். பதிவாளர் மேசையில் என் மனு பத்தொன்பது வருஷமாகக் கிடக்கிறது. அவர் கண்ணை யார் சோதித்தார்கள்? காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் வைக்கச் சொன்னார்கள், பாதம் தட்டையா என்று பார்க்க. முட்டியை ஒட்டி நிற்கச் சொன்னார்கள், முட்டி தட்டுகிறதா என்று பார்க்க. இத்தனையும் பார்த்து உள்ளே எடுத்துவிட்டு, உள்ளே இருக்கிற பெரிய மனிதர்கள் வந்தால் எழுந்து நில் என்பார்கள். அந்தப் பெரிய மனிதர்களில் எத்தனை பேருக்குப் பாதம் தட்டை என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தினால் தெரியும்.

ஓட்டம் நானூறு மீட்டர். என் மகள்தான் முதலில் வந்தாள். உடற்கல்வி ஆசிரியர் வியந்து போய், "எங்கம்மா பயிற்சி எடுத்த?" என்று கேட்டாராம். பயிற்சி கொடுத்தது நான். பத்து வயதிலிருந்தே அவளைப் போராட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். என்னை வேனில் ஏற்றியதும் அவள் கொடியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டும், அம்மாவிடம் சொல்ல. ஒன்றரைக் கிலோமீட்டர். மூச்சு வாங்க வந்து, "எம்மா, அப்பாவைப் பிடிச்சிட்டாங்க" என்பாளாம். இவள், "சரி, அங்கேயே சோறு போட்டிருவாங்க, நீ வந்து சாப்பிடு" என்பாளாம். ஒரு போராளி வீட்டில் எவ்வளவு மன உறுதி இருந்தது என்பதற்குச் சொல்கிறேன்.

அடடா. இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் எழுதவில்லையே? நல்லது.

சரி, சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். நேர்முகத் தேர்வைப் பற்றிச் சொன்னால் தப்பில்லை, அது அவள் பெருமைதான். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். பதிவாளர், ஒரு பேராசிரியை, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பாதுகாப்பு அதிகாரி ஒருவர். அந்த ராணுவக்காரர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "வாசல்ல ஐம்பது பேர் உட்கார்ந்து கோஷம் போடறாங்க. நீ ஒருத்திதான் டியூட்டியில இருக்க. என்ன செய்வ?" அவளுக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் கதவைச் சாத்துவேன், போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்களாம். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? வார்த்தைக்கு வார்த்தை எனக்கு மனப்பாடம்.

"முதல்ல அவங்க வெயில்ல இருக்காங்களா நிழல்ல இருக்காங்களான்னு பார்ப்பேன் சார். வெயில்ல இருந்தா தண்ணி கொண்டு குடுப்பேன். தண்ணி குடுத்த ஆளைப் பார்த்து யாருக்கும் கோஷம் வராது. ரொம்பச் சத்தம் போடுற ஆள்கிட்ட நான் பேச மாட்டேன். அவருக்குச் சத்தம் போட்டதே போதும், மத்தியானம் சாப்பாட்டுக்குக் கிளம்பிருவாரு. ஓரத்துல ஒருத்தங்க சத்தமே போடாம உட்கார்ந்திருப்பாங்க. அவங்களுக்குத்தான் நெசமாவே ஏதோ குறை இருக்கும். அவங்களத் தனியாக் கூப்பிட்டு என்னன்னு கேப்பேன்."

ராணுவக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?" என்றாராம். "வீட்டுல சார்" என்றிருக்கிறாள். பாருங்கள், என் வளர்ப்பை எப்படி நாசூக்காகச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சத்தம் போடுகிற ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் பரமார்த்தலிங்கம் என்று ஒருவன் இருக்கிறான். தொண்டை மட்டும்தான் அவன் மூலதனம். அவனைத்தான் சொல்லியிருக்கிறாள்.

பெயரைப் பற்றியும் கேட்டார்களாம். "புரட்சிமதி, இது என்ன பேரு?" என்று பதிவாளர். "அப்பா வச்சது சார், நான் அப்பப் பேச மாட்டேன், ஒன்பது நாள் குழந்தை" என்று சொன்னாளாம். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். பட்டியலில் இரண்டாவது பெயர். மிச்சம் இருப்பது நீங்கள்தான். உங்கள் கையில் இருக்கிற அந்தக் காகிதம்தான்.

அதில் பதினேழாம் கேள்வி இருக்கிறதல்லவா? விண்ணப்பத்திலும் அதே எண்ணில் இருந்தது. "விண்ணப்பதாரரின் குடும்பத்தில் எவரேனும் கிளர்ச்சி, மறியல், ஆர்ப்பாட்டம் ஆகியவற்றில் ஈடுபட்டுக் கைது செய்யப்பட்டதுண்டா?" அதற்கு எதிரே அவள் எழுதியிருந்தது என்ன? இல்லை. மூன்று எழுத்து. நான் பார்த்தபோது ஒட்டித் தபாலில் போடத் தயாராக வைத்திருந்தாள். ஏட்டய்யா, ஊரில் எவன் வேண்டுமானாலும் என்னை இல்லை என்று சொல்லட்டும். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் பேனாவால், இல்லை.

"அம்மா, பொய் எழுதாதே" என்றேன். "இதோ என்னிடம் பட்டியல் இருக்கிறது. முப்பத்தொரு கைது. தேதி, இடம், கோரிக்கை எல்லாம் இருக்கிறது. இணைப்பாக வைத்து அனுப்பு. நேர்மைக்கு மதிப்பெண் கொடுப்பார்கள்" என்றேன். "எப்பா, அந்தக் கட்டத்துல ஒரு வார்த்தைக்குத்தான் இடம் இருக்கு" என்று சொல்லி உறையை ஒட்டிவிட்டாள். அதற்குப் பிறகு பதினோரு நாள் நான் அவளோடு பேசவில்லை. வீட்டில் நல்ல அமைதியாக இருந்தது என்று பேச்சியம்மாள் பக்கத்து வீட்டில் சொன்னது என் காதுக்கு வந்தது.

முப்பத்தொன்றில் பத்தொன்பது பின்வாசலுக்காக. அதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு எதுவும் புரியாது.

இந்தத் தெரு முடிகிற இடத்தில் சுவர் தெரிகிறதே, அங்கே முன்பு பல்கலைக்கழகத்தின் பின்வாசல் இருந்தது. நம் சனங்கள் அதன் வழியாகத்தான் உள்ளே வேலைக்குப் போவார்கள். பேச்சியம்மாளுக்கு அப்போதே மாணவர் விடுதிச் சமையல்கட்டில் வேலை. வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம். ஒருநாள் அங்கே நின்ற காவலாளி இவளுடைய பையைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறான். அன்று சாயங்காலம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நான் கொதித்து எழுந்துவிட்டேன். "அவன் தொறக்கச் சொன்னான், தொறந்தேன், உள்ள தூக்குவாளிதான் இருந்துச்சு, சரி போங்கக்கான்னான். இதுல என்ன இருக்கு?" என்றாள். "இது உன் பை இல்லை பேச்சி, உழைக்கும் பெண்கள் எல்லோருடைய பை" என்றேன். "அப்ப அவங்கள்லாம் கொதிக்கட்டும், நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

மறுநாள் நாற்பத்தாறு பேர். பின்வாசலில் உட்கார்ந்தோம். நாலு நாள். என் வாழ்க்கையில் அப்படி நான் பேசியது கிடையாது. நாலாம் நாள் எல்லோரையும் வேனில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் வாசலில் பூட்டு. ஒரு மாதத்தில் சுவரே எழுப்பிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கிற ஒரு நிறுவனம் நாற்பத்தாறு பேருக்குப் பயந்து சுவர் எழுப்புகிறது என்றால் அது யாருடைய வெற்றி, நீங்களே சொல்லுங்கள்.

அன்றிலிருந்து பேச்சியம்மாள் முன்வாசல் சுற்றிப் போகிறாள். இரண்டரைக் கிலோமீட்டர். திரும்பி இரண்டரை. நாஷ்டாவுக்கு ஐந்து மணிக்கே அடுப்பில் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் பஸ் கிடையாது. இப்போது ஒரு வாசனை வருகிறதே, அது அவள் முழங்காலுக்குப் போடுகிற தைலம். பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் அந்த வாசனைதான். அதையும் நான் சும்மா விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் பின்வாசல் மீட்பு நாள் நடத்துகிறேன். துண்டறிக்கையில் அவள் முழங்காலைப் பற்றித் தனிப் பத்தியே உண்டு. போன வருஷம் நாங்கள் மூன்று பேர்தான். பரமார்த்தலிங்கம் மத்தியானத்துக்கு மேல் வரவில்லை. நானும் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன், ஆனால் கொடி அங்கேயே நின்றது.

இப்போது திறக்கப் போகிறார்கள். ஆமாம், ஜூன் மாதம். சுவருக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதி கட்டியிருக்கிறார்கள், அதற்கு வழி வேண்டுமாம். பெண் காவலர் நாலு பேரை எடுப்பதே அந்த வாசலுக்குத்தான். மகள் வந்து சொன்னபோது பேச்சியம்மாள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எப்பத் தொறப்பாங்களாம்?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். என் போராட்டத்தின் வெற்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் எடுத்துச் சொன்னேன். அதற்கு அவள் கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

என்ன ஏட்டய்யா, என்ன சொன்னீர்கள்?

இல்லையா? என்ன இல்லை?

பேரேட்டில் என் பெயர் இல்லையா? நன்றாகப் பார்த்தீர்களா? தளவாய். அப்பா பெயர் சங்கரபாண்டி. பின்வாசல் தளவாய் என்று போட்டிருப்பார்கள். அப்படியும் இல்லையா? இதோ என் நோட்டு. பாருங்கள். இதை வெளியே எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன், இப்போது இது வேறு விஷயம். முதல் கைது, பேருந்துக் கட்டணம். ராஜவேணி திருமண மண்டபத்தில் வைத்தார்கள். இரண்டாவது, ரேஷன் மண்ணெண்ணெய். ராஜவேணி மண்டபம். மூன்றாவது, தாலுகா அலுவலக முற்றுகை. அதுவும் ராஜவேணிதான். காலை பத்தரைக்குக் கைது, சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதலை. முப்பத்தொன்றும் இருக்கிறது.

அதெல்லாம் கணக்கில் வராதா?

மண்டபத்தில் உட்கார வைத்துச் சாயங்காலம் அனுப்புவதற்குப் பெயர் கைது இல்லையா? பிறகு அதற்குப் பெயர் என்ன? வேனில் ஏற்றினீர்கள். கதவைச் சாத்தினீர்கள். வேன் ஜன்னலில் கையை நீட்டி நான் முழக்கமிட்டேன், பத்திரிகையில் என் கை வந்தது. இதற்கு முதல் தகவல் அறிக்கை எழுதவில்லையா? ஒன்றுக்குக்கூட? முப்பத்தொன்றில் ஒன்றுக்குக்கூட?

சோறு போட்டு அனுப்பிவிட்டீர்கள். அப்படியா.

இல்லை, நான் கோபப்படவில்லை. டீ ஆறுகிறது, குடியுங்கள்.

ஒன்று இருக்கிறதா? என் பெயரில் ஒரு பதிவு இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில். இதற்குத்தான் இவ்வளவு நேரம் விளையாடினீர்களா? மதி, கேட்டாயா, ஒரு பதிவு இருக்கிறதாம். உனக்கு ஆபத்து வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உள்ளே இரு. சொல்லுங்கள் ஏட்டய்யா. என்ன பிரிவு?

செருப்பா?

ஆமாம். கொடுத்தேன். அது ஞாபகம் இருக்கிறது. இருபத்துநாலாவது கைதின்போது மண்டப வாசலில் விட்ட செருப்பைக் காணவில்லை. வாங்கி நாலு நாள் ஆகாத தோல் செருப்பு. காவல்துறையின் பிடியில் இருந்தபோது காணாமல் போன பொருள், ஆகவே அரசு பொறுப்பு என்று இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். அது அரசியல் பிரச்சினை. அதை எப்படிப் பதிந்திருக்கிறீர்கள்? வாசியுங்கள்.

இன்னொரு தடவை வாசியுங்கள்.

"மேற்படி தளவாய் என்பவர் திருமண நிகழ்ச்சிக்கு வந்த இடத்தில் தமது செருப்பு காணாமல் போனதாக."

திருமண நிகழ்ச்சி.

உள்ளே யார் சிரிக்கிறது? பேச்சி, எனக்குக் கேட்கிறது.

பழைய பேரேடுகள் எங்கேயாவது இருக்கும். மண்டபச் சாப்பாட்டுக்குக் காவல்துறை ரசீது வாங்கியிருக்கும், அதில் இத்தனை பேர் என்று இருக்கும். நான் மனுப் போடுகிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் போடுகிறேன். பத்து வருஷத்துக்கு மேலானதை எல்லாம் அழித்துவிட்டீர்களா? கரையானா? கரையான் வேறா.

தெருவில் விசாரித்திருப்பீர்களே. விசாரித்தீர்களா? பெட்டிக்கடைக்காரனிடம் கேட்டீர்களா? என்ன சொன்னான்? "தளவாய் அண்ணாச்சியா, ஒரு தொந்தரவும் கிடையாது, நல்ல மனுஷன்." அவனா சொன்னான்? அவன் கடை வாசலில் இருபத்தைந்து வருஷமாகத் தெருமுனைக் கூட்டம் நடத்துகிறேன். ஒரு தொந்தரவும் கிடையாதாம்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? சொல்லுங்கள், பரவாயில்லை.

நீங்களா? ராஜவேணி மண்டபத்தில் நீங்கள் காவலுக்கு இருந்தீர்களா? அப்போது மீசை இல்லாத ஒரு பையன் பந்தியில் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு வருவான். நீங்கள்தானா அது? புதிதாக வேலைக்குச் சேர்ந்த வருஷமா? அப்படியென்றால் உங்களுக்கு என்னைத் தெரியும். நான் எழுந்து நின்று பேசியதெல்லாம் கேட்டிருப்பீர்கள். கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று ஒன்றரை மணி நேரம் பேசினேன், ஞாபகம் இருக்கிறதா?

ரெண்டாவது அப்பளம் கேட்டேனா? அது எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருக்கலாம்.

ஆக உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று நான் ஏற்கெனவே வாசித்துவிட்டேன் ஏட்டய்யா. நீங்கள் எழுத எழுதவே வாசித்தேன். எழுத்துக் கோத்தவனுக்குத் தலைகீழாக இருந்தால்தான் வசதி. பதினேழாம் கேள்விக்கு எதிரே, "இல்லை. தகப்பனார் சாதுவானவர். எவ்விதக் கிளர்ச்சியிலும் ஈடுபாடு இல்லாதவர்." அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறீர்கள்.

சாதுவானவர்.

என் பெயருக்குப் பக்கத்தில் அச்சிலே வராத வார்த்தை அது. கிளர்ச்சிக்காரன் என்று எழுதியிருக்கிறார்கள். கலகக்காரன் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியது பெரும்பாலும் நானேதான், இருந்தாலும் அச்சில் வந்ததல்லவா. சாது என்று ஒருவரும் எழுதியதில்லை. அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு வேறு ஏதாவது போட முடியுமா? அடித்தல் திருத்தல் இருந்தால் மேலே ஏற்க மாட்டார்களா? மறுபடி முதலிலிருந்து வர வேண்டுமா? எத்தனை நாள் ஆகும்? ஜூலைக்குப் போய்விடுமா? இருபதாம் தேதிக்குள் காகிதம் போகாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுமா.

நான் சும்மா கேட்டேன்.

மதி, அங்கே ஏன் நிற்கிறாய்? உள்ளே போ என்றேன் அல்லவா. என்ன விரலைக் காட்டுகிறாய்? நாலா? தெரியும் அம்மா. நாலு வாக்கியம். எனக்கு எண்ணத் தெரியும். உன் கணக்கில் நான் எப்போதோ தோற்றுவிட்டேன், அதற்காக முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதே. அந்த முகத்தோடு வாசலில் நின்றால் மாணவர்கள் என்ன நினைப்பார்கள்?

குழாய் நின்றுவிட்டது பாருங்கள். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தமும் இல்லை. அவள் முழங்கால் வலித்தாலும் நின்றுகொண்டுதான் கேட்பாள், உட்கார மாட்டாள்.

கொடுங்கள். காகிதத்தைக் கொடுங்கள். பேனா வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

போடுகிறேன் ஏட்டய்யா, அவசரப்படுத்தாதீர்கள். இதுவரை எத்தனை மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பேன், ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. இது ஒன்றுதான் போட்டால் நடக்கும் போலிருக்கிறது. அதனால் கை கொஞ்சம் யோசிக்கிறது.

ஒரே ஒரு விஷயம். எழுத வேண்டாம். காகிதத்தில் எதுவும் எழுத வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், அழகாக எழுதியிருக்கிறீர்கள். வாயால் சொன்னால் போதும். நீங்கள் நேரில் பார்த்தவர். இதில் எழுதியிருப்பது பொய்தானே? தளவாய் சாது இல்லைதானே? அந்த மண்டபத்தில் இருந்த நாற்பத்தாறு பேரில் உங்கள் அதிகாரிகள் யாரைப் பார்த்துப் பயந்தார்கள், அதை மட்டும் சொல்லிவிடுங்கள். நான் போட்டுவிடுகிறேன்.

என்ன?

கேட்டது, கேட்டது. எனக்கு நன்றாகக் கேட்டது ஏட்டய்யா. நன்றி. இதோ போட்டுவிட்டேன், பாருங்கள். தேதியும் போட்டிருக்கிறேன்.

ஆனால் இன்னொரு தடவை சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக. அடுப்படியில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.